கையெழுத்துப் போட்டவர் முதலில் இறங்கவும்

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் தொடங்கியது. அதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போகலாம்.

லெச்சூசா மலையில் எங்கள் குளிர்காலமான ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தினமும் காலையில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பனி எவ்வளவு ஆழம், காற்று எவ்வளவு வேகம், பனிச்சறுக்குக்கு எந்தச் சரிவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது. அடியில் ‘குறிப்பு’ என்று இரண்டு வரி இடம். அதற்கும் கீழே கையெழுத்து. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வரி எனக்குப் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். பிறகு ஓதிலியாவிடம் காலி மாவுப் பை ஒன்றை வாங்கிக் கிழித்து அதில் எழுதினேன். ஓதிலியா எங்கள் பனிச்சறுக்குக் கிளப்பின் சமையற்காரி. நீங்கள் இப்போது படிப்பது அந்த மாவுப் பை.

(முழுக்க இல்லை. கொழுப்புப் பட்ட இடங்களைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

வெண்பனி போர்த்திய மலைமுகட்டில் மெல்லிய தென்றல்—

விட்டுவிட்டேன். பனி எதையும் போர்த்துவதில்லை. ஓரிடத்தில் கணுக்கால், பத்தடி தள்ளி இடுப்பு, முகட்டில் வெறும் கல். காற்று எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறதோ அங்கேதான் பனி. தென்றல் என்று எங்களிடம் எதுவும் கிடையாது. லெச்சூசாவில் காற்று வந்திருக்கும், அல்லது வந்துகொண்டிருக்கும்.*

இரண்டாவது தொடக்கம்:

எடெல்மிராவுக்கு அறுபத்தொரு வயது. அவளுடைய வலது முழங்காலில் குருத்தெலும்பு அநேகமாக மிச்சமில்லை. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை—

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். தப்பு.

“முட்டியில இருந்தா ஆரம்பிப்பே? எனக்கு மூஞ்சி இல்லையா?”

“முட்டிதானே விஷயம், தோன்யா மிரா?”

“விஷயம் மலைடா ஒல்லி. முட்டி டாக்டருக்கு.”

ஒல்லி என்பது நான்; மிரா என்பது அவள், தோன்யா என்பது பெரியவளுக்கான மரியாதை. எங்கள் ஊரில் அம்மா அப்பா வைத்த பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. தபால்காரனை எல்லோரும் வழுக்கை என்கிறார்கள். அவனுக்கு முடி இருக்கிறது. அவன் அப்பாவுக்குத்தான் இல்லை.

அவள் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டு மலையிலிருந்து தொடங்குகிறேன். முழங்காலை எடுக்க மாட்டேன். அது இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

* எங்கள் ஊரார் காற்றை அளப்பது இப்படி: மணிக்கு இருபது கிலோமீட்டர்வரை சிகரெட் பற்றும். நாற்பதில் தொப்பி போகும். அறுபதில் நாற்காலி போகும். தொண்ணூறில் வெள்ளைக் காற்று. தரையில் கிடந்த பனியெல்லாம் எழுந்து நிற்கும், நீட்டிய கை தெரியாது. அதற்கு மேல் யாரும் அளந்ததில்லை. அளக்கப் போனவர்கள் பாதியிலேயே திரும்பினார்கள்.

3

லெச்சூசாவின் கிழக்கு முகத்தில் செங்குத்தாக ஒரு பிளவு இருக்கிறது. இரண்டு பக்கமும் பாறை. நடுவில் ஒரு பேருந்தைக் குறுக்கே நிறுத்தும் அகலம். பெயர் புகைபோக்கி.

அது திறக்க மூன்று விஷயம் கூடிவர வேண்டும். மேட்டில் நட்டிருக்கும் அளவுகம்பில் பனி நூற்றெண்பது சென்டிமீட்டர் காட்ட வேண்டும். குறைந்தால் பாதி வழியில் ‘பல்’ என்கிற பாறை துருத்தும். புயல் கொட்டிய புதுப்பனி இரண்டு நாள் இறுகி அடியிலுள்ள பழைய பனியோடு ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை பலகையாகப் பெயர்ந்து ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். முகட்டில் காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டினால் பனி நடக்கத் தொடங்கும், வாசலில் நிற்கும் ஆள் தடுமாறுவார்.

பதினோரு வருடத்தில் இந்த மூன்றும் கூடியது இரண்டே நாள். முதல் முறை எடெல்மிரா மகனின் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். இரண்டாம் முறை வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, வாளியும் கையுமாக நின்றாள்.

அவள்தான் அளவுகம்பைப் படிப்பவள். அதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பதினோரு குளிர்காலமாகத் தினமும் காலையில் புகைபோக்கியின் வாசலைக் கடந்து போகிறாள். ஒருமுறைகூட இறங்கியதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாதாரணச் சரிவில் மெதுவாகச் சறுக்கலாம், செங்குத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கதையில் பணயம் இவ்வளவுதான். யாரும் சாகப் போவதில்லை. ஒருத்திக்கு ஒரு பிளவில் இறங்க வேண்டும். அவளுக்கு ஒரு ஞாயிறு மிச்சம் இருக்கிறது.

4

இனி வழக்கம்.

படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர், ‘திறந்திருக்கிறது’ என்று தான் எழுதிய சரிவில் அன்றைக்கு முதல் ஆளாக இறங்க வேண்டும். சட்டமெல்லாம் இல்லை. சமையற்கட்டுக் கதவில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது: கையெழுத்துப் போட்டவர் முதலில் இறங்கவும்.

கிளப் தொடங்கிய புதிதில் ஒரு செயலாளர் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டு ‘பனி அருமை’ என்று எழுதியிருக்கிறார். நம்பிப் போனவர்கள் பாதி வழி கல்லில் சறுக்கினார்கள். மாலையில் வந்து, அடிப்பாகம் பிய்ந்த சறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக அவர் மேசைமேல் அடுக்கிவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். மறுநாள் கதவில் எழுத்து வந்தது. எழுதியவர் அந்தச் செயலாளரேதான் என்றும் சொல்கிறார்கள்.

(எழுதுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் இப்படி ஒரு கதவு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறேன். புத்தகங்கள் இளைத்துவிடும்.)

5

ரொசெந்தோவை எனக்கு எழுத வரவில்லை.

அவன் மீட்புக் குழுவின் தலைவன். அவன் தலையை ஆட்டினால் சரிவு மூடப்படும். முதல் பிரதியில் அவனை வில்லனாக்கினேன். கதைக்கு வசதி. அடர்ந்த மீசை வைத்தேன், குரலைக் கரகரப்பாக்கினேன், எடெல்மிராவுக்குக் குறுக்கே நிறுத்தினேன். திரும்பப் படித்தால் அவன் சொன்ன எதுவும் தப்பாக இல்லை. புதனும் வியாழனும் புயல். வெள்ளி விடியும்வரை வெள்ளைக் காற்று. சனிக்கிழமை முழுக்கப் புகைபோக்கியின் வாசலில் குழி வெட்டி, பனியின் அடுக்குகளை மண்வெட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தவன் அவன்தான். யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து “ஒட்டிக்கிச்சு” என்று மட்டும் சொன்னான், யாரையும் பார்க்காமல். எடெல்மிரா சூப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தினாள்.

அவன் அவளுடைய மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள், அவன் அவளைக் கொமாத்ரே என்பான். சண்டையிலும் அப்படித்தான்.

மீசையை எடுத்துவிட்டேன். நிஜத்திலும் அவனுக்கு மீசை கிடையாது.

6

ஞாயிறு, காலை ஏழரை. எடெல்மிரா மேட்டிலிருந்து வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள்.

“நூத்தி எண்பத்தி நாலு.”

“என்னது?”

“காது அடைச்சிருக்கா? நூத்தி எண்பத்தி நாலுடா!”

முதல் விஷயம் கூடிவிட்டது. இரண்டாவதை ரொசெந்தோ நேற்றே சொல்லிவிட்டான். மிச்சம் காற்று.

முகட்டில் ஒரு காற்றுமானி நிற்கிறது. கிண்ணங்கள் சுற்றும், எண் சமையற்கட்டுச் சுவரிலுள்ள பெட்டியில் தெரியும். பெட்டியைப் பார்த்தேன். 0.

எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனாலும்—

இல்லை. அடிக்கிறேன். சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் ஓதிலியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வானிலை கெட்டால் தோர்த்தா ஃப்ரித்தா பொரிப்பார்கள். தட்டையான மாவு வட்டம், மாட்டுக் கொழுப்பில் பொன்னிறமாக, மேலே சர்க்கரை. ஓதிலியா வாணலியை ஏற்றினால் மலை மூடியிருக்கிறது என்று அர்த்தம். அவள் பிசைவது என் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு அந்தப் பூஜ்யம் வேண்டியிருந்தது. வேண்டியதை யாரும் சந்தேகிப்பதில்லை.

எட்டு மணிக்கு ஊர் வானொலியில் படித்தேன். பனி நூற்றெண்பத்து நான்கு. காற்று பூஜ்யம். புகைபோக்கி திறந்திருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஓதிலியா மாவிலிருந்து கையை எடுத்தாள்.

“பூஜ்யமா?”

“மெஷின் சொல்லுது.”

“ஜன்னல் என்ன சொல்லுது?”

ஜன்னலுக்கு வெளியே கிளப் கொடி இஸ்திரி போட்டதுபோல விறைப்பாகக் கிடைமட்டத்தில் நின்றது. வாக்கி-டாக்கி கரகரத்தது.

“ஒல்லி, என் தொப்பி புவனோஸ் ஐரஸுக்குப் போயிட்டிருக்கு. பூஜ்யம்னு ரேடியோவுல எவன்டா படிச்சான்?”

7

எங்கள் ஊரான வாயே ஓந்தோவில் ஒரு ஆள்கூட அதை நம்பவில்லை. அதனால்தான் எல்லோரும் வந்தார்கள்.

காலை பத்து மணிக்கு மலையடியில் நாற்பது பேர். மடக்கு நாற்காலி, தொலைநோக்கி, பிளாஸ்க்கில் வெந்நீர், சுரைக்குடுவையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர். குடுவை கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கப்படி புகைபோக்கியில் இன்று முதலில் இறங்க வேண்டியவன் நான். நான் சறுக்குவதைப் பார்த்தவர்கள், மாடிப்படியில் பீரோவை இறக்குவது போலிருக்கிறது என்பார்கள்.

(இதற்கு ஒரு வரி விளக்கம். முன்பு தெற்கே ஒரு பெரிய மலையில் ஆறு வருடம் இரவெல்லாம் பனியைச் சமன் செய்யும் வண்டி ஓட்டினேன். நான் சமன் செய்த சரிவில் ஊரே பகலில் சறுக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாதி ஷிஃப்டில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்பது வேறு கதை. அதை எழுதப்போவதில்லை.)

“ஒல்லி, உயில் எழுதியாச்சா?”

“அந்த பூட்ஸ் என் சைஸ்தான். கீறல் விழாம இறங்கு, சரியா?”

“காத்துதான் பூஜ்யமாச்சே, பயமென்ன? குடை வேணா எடுத்துட்டுப் போ!”

ரொசெந்தோ என் முன்னால் வந்து நின்றான்.

“எழுதினது யாரு?”

“நான்தான். மெஷின் மேல பனி ஒட்டி உறைஞ்சு போயிருக்கு, அதான்—”

“மெஷின் கையெழுத்துப் போடலையே.”

வேறொருவர் மேலே போய்ப் புதிதாக அளந்து புதிதாகக் கையெழுத்துப் போட்டால் பழைய படிவம் செல்லாது. முதலில் இறங்கும் கடமையும் பேனாவோடு அவருக்குப் போய்விடும். புகைபோக்கி திறந்த அந்த இரண்டு நாளும் அளந்தவன் ரொசெந்தோ. முதலில் இறங்கியவனும் அவன். பேனாவுக்காக அவன் கையை நீட்டினான்.

அப்போது எடெல்மிரா மேட்டிலிருந்து சறுக்கி வந்து நின்றாள். தொப்பி இல்லை. நரைத்த முடி உறைந்து முள்முள்ளாக நின்றது.

“நான் போறேன். நான் அளக்கறேன். கையெழுத்தும் நான்தான்.”

மாத்தே யாரோ ஒருவர் கையில் நின்றுவிட்டது.

ரொசெந்தோ நீட்டிய கையை மடக்கினான். “முப்பதுக்குக் கீழே, கொமாத்ரே. ரெண்டு மணிக்குள்ளே. அதுக்கப்புறம் புகைபோக்கியில வெயில் இருக்காது, பனி இறுகிக் கண்ணாடி ஆயிடும்.”

“இதை உனக்குப் பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கிறதே நான்தான், கொம்பாத்ரே.”

“முட்டி?”

“அதுவும் வருது. தனியா விட்டுட்டா போக முடியும்?”

அவன் வாயோரம் இழுத்துக்கொண்டது. முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“நீயும் போ. பிளாஸ்க்கைத் தூக்கு. ஏதாவது ஒரு வேலைக்காவது ஆகு.”

8

இழுவைக் கம்பியைப் பிடித்துப் பாதி தூரம். மீதியைத் தோளில் பலகையோடு ஏறினோம். அவள் இடது காலை முன்னே வைத்து வலது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு ஏறினாள். நான் மூச்சு வாங்கினேன். அவள் எனக்காக நின்றாள்.

முகட்டில் நகர்வதற்குப் பனி மிச்சமில்லை. வெள்ளிக்கிழமையே காற்று வழித்துக் கொண்டுபோயிருந்தது. காற்றுமானி காலிஃபிளவர் போலிருந்தது. கிண்ணங்களையே காணோம். அவள் கைத்தடியால் தட்டினாள். ஒரு துண்டு பெயர்ந்தது. மறுபடி தட்டினாள்.

“பிளாஸ்க்கைக் குடு.”

“தோன்யா, அது மாத்தேக்கு.”

“தெரியும். குடு.”

எங்கள் நாட்டில் ஒருவன் கட்சி மாறினால் மன்னிப்பார்கள். மாத்தேக்கான வெந்நீரைக் கீழே கொட்டினால் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள். அவள் ஒரு லிட்டரையும் காற்றுமானியின் தலையில் ஊற்றினாள், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல, ஒரு கையால் தேய்த்துத் தேய்த்து. பிறகு கழுத்துத் துண்டால் ஈரம் போகத் துடைத்தாள். வெயில் பட்டது. கிண்ணங்கள் முதலில் யோசித்தன. பிறகு சுற்றின.

வாக்கி-டாக்கியில் ஓதிலியா, சமையற்கட்டுப் பெட்டியைப் பார்த்துப் படித்தாள்.

“நாப்பத்தொண்ணு. மாவு ரெடியா இருக்கு. வாணலி ஏத்தவா, வேணாமா?”

“பொறு,” என்றாள் எடெல்மிரா.

9

இனி மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கதைக்கு இது கஷ்டமான இடம்.

ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். குடுவை இருந்தது, இலை இருந்தது, தண்ணீர் இல்லை. பழக்கதோஷத்தில் குடுவையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டோம். கால் மணிக்கொருமுறை ஓதிலியாவின் குரல் வந்தது.

“முப்பத்தெட்டு.”

“நாப்பத்திநாலு. ஏத்திடட்டுமா?”

“பொறு!”

“முப்பத்தாறு. உங்க ரெண்டு பேருக்காக மாவு காத்திருக்காது, சொல்லிட்டேன்.”

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்துக்குக் காரணம் கொடுப்பது வழக்கம். நானும் கொடுத்தேன். அந்தப் பத்தி இப்படித் தொடங்கியது:

புகைபோக்கியில் முதன்முதலில் அவளை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்த கணவன், பல வருடங்களுக்கு முன் இதே முகட்டில்—

இதைப் படித்தபோது எடெல்மிராவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

“அவரு கீழ நாற்காலி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாருடா! தொலைநோக்கியே அவரோடதுதான்.”

“ஒரு காரணம் வேணும், தோன்யா. படிக்கிறவங்க கேப்பாங்க.”

“தினமும் வாசலோட போறேன். உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும். இதுக்கு ஒரு செத்த புருஷன் வேணுமா?”

வேண்டாம் என்றுதான் எனக்கும் இப்போது தோன்றுகிறது. கணவனை உயிரோடு விட்டுவிட்டேன். அவர் பெயர் கதைக்குத் தேவையில்லை. அவர் அன்று ஒன்பது தோர்த்தா ஃப்ரித்தா தின்றார் என்பது மட்டும்—

(பாருங்கள், உளறிவிட்டேன். ஓதிலியா வாணலி ஏற்றினாள் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். மலை திறந்திருந்தாலும் அவள் மனம் வைத்தால் பொரிப்பாள். அபூர்வம்தான், ஆனால் பொரிப்பாள்.)

10

ஒன்று நாற்பது.

“முப்பத்தொண்ணு,” என்றாள் ஓதிலியா. இந்த முறை வாணலியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்று நாற்பத்தைந்து. முப்பத்தொன்று. ஒன்று நாற்பத்தெட்டு. முப்பத்தொன்று.

கீழே நாற்பது பேரும் எழுந்து நிற்பது தெரிந்தது. எடெல்மிரா பூட்ஸின் கொக்கிகளை இறுக்கினாள். புகைபோக்கியின் வாசல் எங்களுக்கு இருபது தப்படி தூரம். அதன் உட்சுவரில் வெயில் ஒரு முழம் அகலத்துக்குச் சுருங்கிவிட்டிருந்தது. ஒரு முழம் என்பது பத்து நிமிடம்.

படிவமும் பேனாவும் என்னிடம் இருந்தன.

“இருபத்தொம்போதுன்னு எழுதட்டுமா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பேருந்தில் கடைசி இருக்கையில் குறும்பு செய்கிற ஒருவனைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“எழுது. எழுதிட்டு நீயே கையெழுத்துப் போடு. நீயே முதல்ல இறங்கு. எனக்கு இல்லாத காத்துல சறுக்க வராதுடா.”

பேனாவை மூடினேன்.

காலையில் ஒரு பொய்யை அறியாமல் எழுதினேன். இப்போது ஒன்றை அறிந்தே எழுத இருந்தேன். இரண்டும் அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். கதவு அதை ஏற்றுக்கொள்ளாது. கதையில் என்றால் எழுதியிருப்பேன், யாரும் மேலே வந்து அளந்து பார்க்கப் போவதில்லை. அதனால்தான் கதை எழுதுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இந்த மூன்று வாரமாக என்னையும் சேர்த்து.

11

முடிவுகள். மாவுப் பையில் மூன்று எழுதினேன்.

(அ) ஒன்று ஐம்பத்து நான்குக்குக் காற்று இருபத்தெட்டுக்கு இறங்குகிறது. எடெல்மிரா கையெழுத்துப் போடுகிறாள், இறங்குகிறாள். ‘பல்’லுக்குப் பக்கத்தில் ஒரு கணம் சாய்ந்து நிமிர்கிறாள். கீழே ரொசெந்தோ கைதட்டவில்லை. கையுறையைக் கழற்றி நிற்கிறான். நன்றாகத்தான் வந்திருந்தது. கையுறை எனக்கே பிடித்திருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

(ஆ) முப்பத்தொன்று அசையவே இல்லை. இரண்டு அடிக்கிறது. ‘மூடியிருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்து இறங்குகிறாள். இதுவும் நன்றாக வந்திருந்தது. சோகமாக முடித்தால் ஆழம் வந்துவிடும் என்று நினைக்கிற கெட்ட பழக்கம். இதை (அ)வைவிடக் குறைவாக நம்பினேன்.

(இ) நான் இருபத்தொன்பது என்று எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே—

இதில் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. வாசல்வரை போய் எட்டிப் பார்த்தவனுக்குத்தான் ஏன் என்று தெரியும்.

12

நான் எழுதக்கூடியது ஒன்று ஐம்பத்து நான்குவரைதான்.

காலையிலிருந்து சமையற்கட்டுப் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்க்கொண்டிருந்தது. அது நிமிர்ந்ததுபோல எனக்குத் தோன்றியது. எடெல்மிராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கி-டாக்கி கரகரத்தது. ஓதிலியா ஒரு எண்ணைச் சொன்னாள். எடெல்மிரா, “திரும்பச் சொல்லு,” என்றாள். ஓதிலியா திரும்பச் சொன்னாள். எடெல்மிரா என்னிடமிருந்து பேனாவையும் படிவத்தையும் வாங்கி, இடது முழங்காலில் வைத்து, எழுதினாள். உறையும் குளிரில் பேனா எழுதவில்லை. வாயில் வைத்து ஊதினாள். மறுபடி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

“நீ நடந்து போ,” என்றாள். “வந்த வழியே. அவசரப்படாதே.”

நான் நடந்தேன்.

அந்தப் படிவம் இப்போது சமையற்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. எண் இருந்த இடத்தில் ஓதிலியாவின் கட்டைவிரல் அளவுக்குக் கொழுப்புக் கறை. வருகிறவர்கள் எல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அன்று நடந்ததைப் பார்த்த நாற்பது பேரிடமும் கேட்டால் நாற்பது விதமாகக் கிடைக்கும், நாற்பதும் சத்தமாக.

13

மூன்று வாரம் கழித்து எடெல்மிரா புது முழங்காலைச் சமையற்கட்டில் ஒரு நாற்காலிமேல் நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் தொப்பி ஆடு மேய்க்கிற ஒருவரின் வேலியில் கிடைத்து, திரும்பத் தலைக்கு வந்திருந்தது. ரொசெந்தோ அவளுக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“அந்தத் தண்ணிய இதுல ஊத்து கொம்பாத்ரே, காத்துமானியில ஊத்தாதே,” என்று அவளே தன்னைக் கேலி செய்துகொண்டாள். ரொசெந்தோ தோள் குலுங்கச் சிரித்தான். அவன் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மீசை இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மாவுப் பையைக் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். (அ), (ஆ), (இ) மூன்றின் மேலும் ஒரே கோடாக அடித்தாள்.

“ஏன் தோன்யா?”

“நீ புகைபோக்கியில இறங்கியிருக்கியா?”

“இல்ல.”

“அப்பக் கதவைப் பாரு.”

பார்த்தேன். சிவப்புப் பெயிண்ட்.

“நான் பாத்தேனே! மேலேயும் இருந்தேன், கீழேயும் நின்னேன்.”

“பாத்தவங்க நாப்பது பேரு. இறங்காதவன் எழுதினா அது அடுப்போரம் எழுதினதுதான்.” பேனாவைக் கேட்டு வாங்கினாள். “படிக்கிறவங்க முடிச்சுக்கட்டும். நானும் படிச்சவதானே? நான் முதல்ல எழுதறேன்.”

பையின் அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரொசெந்தோ எட்டிப் பார்த்தான். குடுவையில் வெந்நீர் ஊற்றினான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

ஆறு வளைவு. பல்லுக்குப் பக்கத்தில் பனி சர்க்கரை மாதிரி இருந்தது.

இது அளந்து எழுதியதா, ஒரு வாசகி தனக்குப் பிடித்தபடி முடித்துக்கொண்டதா என்று கேட்டேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பதில் தெரியும். எழுத உரிமையில்லை.

ஆகவே படிவத்தை உங்களிடம் தருகிறேன். நேரம் ஒன்று ஐம்பத்து நான்கு. அரை முழம் வெயில்.

பனி: 184 செ.மீ.
காற்று: …………
புகைபோக்கி: திறந்திருக்கிறது / மூடியிருக்கிறது
கையெழுத்து: எடெல்மிரா
கையெழுத்து: …………

முதலாவது அவளுடையது. இரண்டாவது காலியாக இருக்கிறது. பேனாவைத் திறப்பதற்கு முன் கதவை ஒருமுறை படித்துவிடுங்கள். படித்த பிறகு சீக்கிரம் எழுதுங்கள், ஓதிலியா வாக்கி-டாக்கியில் கத்திக்கொண்டிருக்கிறாள்:

“வாணலி ஏத்தவா, வேணாமா?”